‘எட்டுக் கமராவுக்கு எவ்வளவு?’ என்று கேட்பது பிழையான கேள்வி

எனது கடைக்குப் பக்கத்தில் புதிதாகப் புடவைக் கடை திறக்கவிருக்கும் ஒரு தம்பி சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். “காக்கா, கடைக்குக் கமரா பூட்டப் போறன். எட்டுக் கமராவுக்கு எவ்வளவு முடியும்?” என்று கேட்டார். அவரது கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. ‘எட்டுக் கமரா, ரெக்கோடர், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து’ என்று எழுதி, அதற்குக் கீழே ஒரேயொரு தொகை மட்டும் போடப்பட்டிருந்தது. வேறு எந்த விபரமும் இல்லை.

நான் அந்தத் தொகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “தம்பி, உங்கட கடையில நீங்க எதைப் பார்க்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்டேன். அவரிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஏனெனில், 2021ஆம் ஆண்டில் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அதனால் எனக்கு நட்டமானது பணம் மட்டுமல்ல, நான்கு வருடங்கள் என்னிடம் வேலை செய்த ஒரு நல்ல பொடியனையும் இழந்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொன்னால், கணக்கின் பெறுமதி விளங்காது.

98,000 ரூபாவுக்கு வாங்கிய நிம்மதி

கல்முனையில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் ஸ்டோர், ஸ்டோரின் பின்கதவால் லொறிக்குச் சாமான் ஏற்றுவோம். 2021இல் ஒருவர் எட்டுக் கமராவை 98,000 ரூபாவுக்குப் பூட்டித் தந்தார். காலையில் வந்து மாலையில் வேலையை முடித்துவிட்டார். காசு மேசையில் ஒரு திரை, கைத்தொலைபேசியில் எட்டுப் படங்கள். வீட்டில் சாப்பிடும்போதும் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

2023 நவம்பர் மாத இறுதியில் சரக்கு எண்ணியபோது 12 வயர் ரோல் குறைந்தது. அன்றைய விலையில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். உடனே கமராப் பதிவைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு நாட்களுக்கு முந்திய பதிவு எதுவும் இல்லை. பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போயிருக்கிறது. எஞ்சியிருந்த நாட்களைப் பார்த்தால் திரையில் காட்டிய நேரமும் உண்மையான நேரமும் ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான விடயம், எட்டுக் கமராவில் ஒன்றுகூடச் சாமான் ஏற்றும் பின்கதவைப் பார்க்கவில்லை. ஏழு கமரா கடைக்குள்ளே ராக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று வீதியைப் பார்த்தது.

கமரா பதில் சொல்லாத இடத்தில் மனிதனின் சந்தேகம் பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஸ்டோரின் திறப்பு ஒரு பொடியனின் கையில் இருந்தது. ‘கள்ளன்’ என்று நான் அவனைச் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு முன்னால் வைத்து நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு அர்த்தம் இருக்கவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு கொந்தராத்துக்காரர் கணக்கு முடிக்க வந்தார். “முதலாளி, எனக்கு 24 ரோல் இறக்கியிருக்கீங்க, பில்லில 12தான் கிடக்கு” என்றார். விசாரித்துப் பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. அன்று காலையில் 12 ரோலை முச்சக்கர வண்டியில் அனுப்பும்படி தொலைபேசியில் சொன்னவன் நானேதான். சொன்னதை மறந்துவிட்டு, பின்னேரம் பில் எழுதி லொறியில் இன்னொரு 12 ரோல் ஏற்றவைத்ததும் நானேதான். களவே நடக்கவில்லை. பின்கதவில் ஒரு கமராவும் 30 நாள் பதிவும் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நான் அந்தப் பொடியனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தான். “பரவாயில்ல முதலாளி” என்றான். ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது அக்கரைப்பற்றில் ஒரு கடையில் நிற்கிறான். கமரா என்றால் கள்வனைப் பிடிக்க என்றுதான் நாம் நினைக்கிறோம். குற்றமற்றவனைக் காப்பாற்றவும் அது தேவை என்பதை நான் இப்படித்தான் படித்தேன்.

முதலில் கடையின் படத்தைக் கீறுங்கள்

இரண்டாவது தடவை, 2024 ஆகஸ்டில், மூவரிடம் விலை கேட்டேன். முதலாமவர் கடைக்கே வராமல் தொலைபேசியில் 1,65,000 ரூபா என்றார். இரண்டாமவர் வந்தார், சீலிங்கைப் பார்த்தார், போனார். மூன்றாமவர் அளவு நாடாவோடு வந்து முக்கால் மணித்தியாலம் நின்றார். “முதலாளி, இந்த இடத்தில ஆளின்ட முகம் தெரியணுமா, இல்ல ஆள் போனது தெரிஞ்சால் போதுமா?” என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டார். பார்வையிட வந்ததற்கு 3,000 ரூபா கேட்டார். வேலையைக் கொடுத்தால் அதைக் கழித்துவிடுவதாகவும் சொன்னார். அவரது விலை மற்றவர்களைவிட அதிகம். ஆனால் வேலையை அவருக்குத்தான் கொடுத்தேன்.

அவர் கேட்ட கேள்வியில்தான் முழுச் செலவும் அடங்கியிருக்கிறது. கமராவின் படம் புள்ளிகளால் ஆனது. 2 மெகாபிக்சல் கமராவில் குறுக்கே 1,920 புள்ளிகள் இருக்கும். அந்தக் கமரா 20 மீற்றர் அகலமான வீதியைப் பார்த்தால் ஒரு மீற்றருக்குக் கிடைப்பது 96 புள்ளிகள். மனித முகம் ஏறத்தாழ 15 சதம மீற்றர் அகலம். ஆகவே முகத்தின் குறுக்கே 14 புள்ளிகள்தான் விழும். அதில் யாரை அடையாளம் காண்பது? முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீற்றருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது இத்துறையில் நீண்டகாலமாகப் புழங்கும் அளவுகோல். 1,920ஐ 250ஆல் பிரித்தால் 7.7 மீற்றர் வரும். அதைவிட அகலமான இடத்தை ஒரு 2 மெகாபிக்சல் கமராவிடம் ஒப்படைத்துவிட்டு முகம் தெரியவில்லை என்று குறைப்படுவதில் பிரயோசனம் இல்லை. 4 மெகாபிக்சல் கமராவில் குறுக்கே 2,560 புள்ளிகள் என்பதால் அந்த அகலம் சுமார் 10 மீற்றராகக் கூடும்.

ஆகவே எத்தனை கமரா என்பது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். வாசலில் முகம் தெரிய வேண்டும். காசு மேசையில் தாள் தெரிய வேண்டும். “ஐயாயிரம் தந்தேன்”, “இல்லை, ஆயிரம்தான் தந்தீர்கள்” என்ற வாக்குவாதம் நடக்காத கடை எது? வாசல் கிழக்கைப் பார்த்திருந்தால் காலை வெயிலில் உள்ளே வருபவரின் முகம் கறுத்துப்போகும். அந்த இடத்துக்கு டபிள்யூ.டீ.ஆர். என்று சொல்லப்படும், வெளிச்ச வேறுபாட்டைச் சமாளிக்கும் வசதியுள்ள கமரா வேண்டும். மிக உயரத்தில் பூட்டினால் தொப்பியும் ஹெல்மெட்டும்தான் பதிவாகும். ராக்கைப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தாலே போதும். இப்படிப் பார்த்ததில் எனக்கு எட்டுக் கமரா தேவைப்படவில்லை. ஆறு போதுமாக இருந்தது: வாசல், காசு மேசை, விலை கூடிய சாமான் இருக்கும் பக்கம், ஸ்டோரின் உட்புறம், பின்கதவு, வீதி.

என் பில்லைப் பாருங்கள்

கீழே நான் தருவது எனது கடைக்கு 2024 ஆகஸ்டில் ஆன செலவு. உங்கள் கடையின் அளவு வேறு, நீங்கள் வாங்கும் நாளின் விலை வேறு. ஆகவே தொகையை விட்டுவிட்டு விகிதத்தைக் கவனியுங்கள்.

4 மெகாபிக்சல் கமரா 6, ஒன்று 15,500 ரூபா வீதம்: 93,000 ரூபா
கமராவுக்கு மின்சாரமும் கொடுக்கும் ரெக்கோடர்: 38,000 ரூபா
கமராப் பதிவுக்கென்றே செய்த 4 டெராபைட் ஹாட் டிஸ்க்: 42,000 ரூபா
சுத்தச் செம்புக் கேபிள் 180 மீற்றர், மீற்றர் 150 ரூபா வீதம்: 27,000 ரூபா
குழாய், பெட்டி, கனெக்டர் வகை: 13,500 ரூபா
யூ.பி.எஸ்.: 16,000 ரூபா
மின்னல் பாதுகாப்பும் எர்த்தும்: 9,500 ரூபா
பூட்டும் கூலி, கமரா ஒன்றுக்கு 4,000 ரூபா வீதம்: 24,000 ரூபா
ரெக்கோடரைச் சரிப்படுத்தலும் பழக்கித் தருதலும்: 5,000 ரூபா

மொத்தம் 2,68,000 ரூபா. இதில் கமராவின் விலை 93,000தான், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நாம் கடைக்குக் கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுவது இந்த ஒரு பங்கைப் பற்றித்தான். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பவர் கைவைப்பது மற்ற இரண்டு பங்கிலும்தான். அவை கண்ணுக்குத் தெரியாதவை. எங்கெங்கே கைவைப்பார்கள் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது ஹாட் டிஸ்க். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கமரா ஒரு செக்கனுக்கு 1 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிகாபைட் வேண்டும். எனது பழைய கமராக்கள் 2 மெகாபிட்டில் பதிவு செய்தன. ஒன்றுக்கு 21.6, எட்டுக்கும் ஏறத்தாழ 173 ஜிகாபைட். இருந்த டிஸ்க் 1 டெராபைட், அதாவது 1,000 ஜிகாபைட். ஆறு நாள்கூட முழுதாக வராது. எனது பொடியனின் பெயர் கெட்டது இந்த வகுத்தல் கணக்குத் தெரியாததால்தான். இப்போதுள்ள ஆறு கமராவும் 3 மெகாபிட். நாளொன்றுக்கு 194 ஜிகாபைட், 4 டெராபைட்டுக்கு 20 நாள் வரும். உள்ளேயுள்ள கமராக்கள் ஆள் அசைந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்திருப்பதால் 30 நாளைத் தாண்டுகிறது. நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை சரக்கு எண்ணுகிறீர்களோ அதைவிடக் குறைந்த நாட்களுக்குப் பதிவு வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கேபிள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் ஒன்று சந்தையில் இருக்கிறது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, விலை குறைவு. மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போகும் கமராக்களுக்கு இது ஒத்துவராது. தூரம் கூடக்கூட மின்னழுத்தம் விழும். பகலில் வேலை செய்யும் கமரா, இரவில் இருட்டுக்கான விளக்குகள் எரியத் தொடங்கியதும் நின்று நின்று வேலை செய்யும். கள்வன் வருவது எந்த நேரம் என்று சொல்லத் தேவையில்லை. கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். வயர் விற்றுப் பிழைக்கும் நானே முதல் தடவை இதைப் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்னொன்று, இவ்வகைக் கேபிளை ஒரே இழுப்பில் 100 மீற்றருக்கு மேல் கொண்டு போகக்கூடாது. நீளமான களஞ்சியம் உள்ளவர்கள் இடையில் இன்னோர் உபகரணத்துக்கான செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு அமுலில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எனது பழைய ரெக்கோடர் அந்த மாதங்களில் ஒரு நாளில் பல தடவை நின்று நின்று எழும்பியது. அதற்குப் பிறகு அதன் நேரம் ஒருபோதும் சரியாக இருக்கவில்லை. இப்போது மின்வெட்டு அப்படி இல்லையென்றாலும் கரண்ட் போகாத ஊர் இல்லை. சிறிய யூ.பி.எஸ். ஒன்று எனது அளவிலான தொகுதியை அரை மணித்தியாலம் அளவில் தாங்கும். அதைவிடக் கூடுதலாக வேண்டுமென்றால் பெரிய பட்டறி போட வேண்டும், அது வேறு செலவு.

நான்காவது இடியும் கடற்காற்றும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் எமது நாட்டில் இடி மின்னல் அதிகம். கூரைக்கு வெளியே போன கேபிள் மின்னலின் வேகத்தை நேராக ரெக்கோடருக்குக் கொண்டு வரும். 9,500 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் 38,000 ரூபா ரெக்கோடரைப் பணயம் வைப்பது வியாபாரமல்ல. கடற்கரை ஊர்களில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. ஐ.பி. 66 என்று எழுதிய கமராவுக்குள் தூசும் மழைத்தண்ணீரும் போகாது, ஆனால் உப்புக் காற்று அதன் ஆணியையும் கனெக்டரையும் தின்றுவிடும். துருப்பிடிக்காத ஆணியும் மூடிய பெட்டியும் கேட்டு வாங்குங்கள்.

கூலியில் பேரம் பேசும்போது

எம்மவர்கள் அதிகம் குறைத்துக் கேட்பது கூலியைத்தான். “நாலு ஆணி அடிக்க நாலாயிரமா?” என்று நானும் கேட்டவன்தான். ஆனால் கூலி என்பது ஆணிக்கு மட்டுமல்ல. கேபிளைக் குழாய்க்குள் விட்டு எலி கடிக்காமல் கொண்டு போவது, கரண்ட் வயரோடு ஒட்டாமல் தள்ளிப் போடுவது, ஒவ்வொரு நுனியிலும் இலக்கம் ஒட்டுவது, இரவில் ஒரு தடவை வந்து இருட்டில் படம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக் கோணத்தைத் திருத்துவது, இவை எல்லாம் அதற்குள்தான் அடங்கும். எனக்குப் பூட்டித் தந்தவர் இரண்டு நாள் வேலை செய்தார். மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு வந்து இரண்டு கமராவின் திசையை மாற்றினார். முதலாமவர் பகல் வெளிச்சத்தில் படத்தைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போனவர்.

ஆகவே கூலியைக் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக, கூலிக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதத்தையும் அப்படியே கேளுங்கள். கமராவுக்கு இரண்டு வருடம் என்பார்கள். அது பழுதானால் ஏணி வைத்துக் கழற்றி, கொழும்புக்கு அனுப்பி, திரும்பப் பூட்டுவதற்குத் தனிக் கூலி உண்டா என்பதைச் சொல்ல மாட்டார்கள். விலைக்குள் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். 2024 ஜனவரி முதல் அது நூற்றுக்கு 18. இரண்டரை இலட்சம் ரூபா வேலைக்கு 45,000 ரூபா வித்தியாசம் வரும். விலைமனு எத்தனை நாட்களுக்குச் செல்லும் என்பதையும் பாருங்கள். இவை எல்லாம் இறக்குமதிச் சாமான்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதை நாம் கண்டவர்கள்.

ரெக்கோடரை எங்கே வைப்பது?

2014இல் அளுத்கமவிலும், 2018இல் திகனவிலும், 2019இல் மினுவாங்கொடையிலும் எமது கடைகள் எரிந்தபோதுதான் எனது மனதிலும் கமரா எண்ணம் வந்தது. ஆனால் ரெக்கோடரைக் காசு மேசைக்குக் கீழே வைத்தால், கடை எரியும்போது சாட்சியும் சேர்ந்து எரியும். கடை உடைத்து வருபவனும் முதலில் கழற்றுவது அதைத்தான். ரெக்கோடரைக் கண்ணுக்குப் படாத, பூட்டுள்ள, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முக்கியமான ஒன்றிரண்டு கமராவின் பதிவாவது இணையம் மூலம் வேறோர் இடத்தில் சேமிக்கப்பட வழி செய்யுங்கள். அதற்கு மாதச் செலவு உண்டு. அதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

பூட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களும் ரெக்கோடர்களும் 2016இல் ‘மிராய்’ என்ற கணினித் தீநிரலுக்கு இலட்சக்கணக்கில் இரையாகின. பூட்டித் தந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் கடைத் திறப்பின் பிரதியை அவரது சட்டைப் பையில் விட்டு வைப்பீர்களா?

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இத்தகைய பதிவுகளை நீதிமன்றில் சாட்சியமாக முன்வைக்க வழி செய்கிறது. ஆனால் நேரம் பிழையான, வெட்டி ஒட்டிய பதிவைக் கொண்டு போனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேலை இலகுவாகிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. கமரா இருக்கிறது என்று வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டுவது பெரிய செலவல்ல. புடவைக் கடைக்காரர்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் கமராவின் பார்வை போகாமல் பார்த்துக்கொள்வது சட்டத்துக்கு முன்னரே மரியாதை. வேலையாட்களிடமும் கமரா எங்கெங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நான் இம்முறை எல்லோரையும் கூட்டி வைத்து, “இது உங்களுக்கும் சாட்சி” என்று சொன்னேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

பூட்டிய நாளோடு செலவு முடிவதில்லை. இரவில் கமராவின் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி கண்ணாடிக்கு முன்னால் வலை பின்னும். வருடத்துக்கு நான்கு தடவை வந்து துடைத்து, நேரத்தைச் சரிபார்த்து, பதிவைச் சோதிக்க நான் 20,000 ரூபாவுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறேன். இரவு பகலாக ஓடும் ஹாட் டிஸ்க் ஐந்து வருடத்துக்குள் ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் வகுத்தால் முதல் செலவு வருடத்துக்கு 53,600, டிஸ்க்குக்கு 8,400, பராமரிப்பு 20,000. ஆக 82,000 ரூபா, நாளொன்றுக்கு ஏறத்தாழ 225 ரூபா. அதற்கு மேல் மின்சாரம்: 60 வோட்ஸ் இரவு பகலாக எரிந்தால் மாதத்துக்கு 43 யுனிட்.

நாளொன்றுக்கு இரண்டு பால் தேநீரின் காசு. இந்தக் கணக்கை 2021இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் 98,000ஐப் பார்த்து மலிவு என்று சந்தோசப்பட்டிருக்க மாட்டேன். அது மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் ஒன்றையும் காட்டவுமில்லை. சிறிய பெட்டிக் கடைக்கு இத்தனை செலவு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வாசலுக்கு ஒன்று, காசு மேசைக்கு ஒன்று என்று இரண்டு நல்ல கமராவைச் சரியான இடத்தில் பூட்டினால் போதும். எட்டுக் குருட்டுக் கமராவைவிட அது மேல்.

கடைசியாக எமது வர்த்தக சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே வீதியில் இருபது கடைக்காரர்கள் இருபது பேரிடம் இருபது விலைக்குப் பூட்டுகிறோம். பழுதானால் ஒருவரும் வருவதில்லை. வீதிக்கு ஒரு குழுவாகச் சேர்ந்து, தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு எல்லாக் கடையையும் அளந்து, உருப்படி உருப்படியாக விலைமனு எடுத்து, வருடப் பராமரிப்பையும் ஒன்றாகப் பேசினால் எல்லோருக்கும் செலவு குறையும். பூட்டுபவருக்கும் நிரந்தர வேலை கிடைக்கும். சாமான் வாங்கும்போது மொத்த விலை கேட்கத் தெரிந்த நமக்கு இது தெரியாத வித்தையல்ல.

பக்கத்துக் கடைத் தம்பி அந்தத் துண்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் மாலையில் ஒரு கொப்பித் தாளோடு வந்தார். அதில் கடையின் படத்தைக் கீறி, வாசல், காசு மேசை, உடை மாற்றும் அறை எல்லாவற்றையும் குறித்திருந்தார். “காக்கா, நாலு போதும் போல கிடக்கு” என்றார். பின்கதவைக் குறித்திருக்கிறாரா என்று பார்த்தேன். குறித்திருந்தார்.